வானத்துக் கல்: புதிதா, பழசா?



இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். சாமிக் கல் இல்லை. அம்மிக் கல் இல்லை. வானத்திலிருந்து விழும் கல். இதை விண்கல் என்று சொல்கிறோம்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். 1934ஆம் ஆண்டில் நம் திருப்பதியிலேயே ஒரு விண்கல் விழுந்தது. அதன் எடை 230 கிராம். கால் கிலோகூட இல்லை. ஆனால் உலகத்து விண்கற்களின் பட்டியலில் 'திருப்பதி' என்றே அதற்குப் பெயர். விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரைத்தான் வைப்பார்கள். அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 2022இல்தான் திருப்பதி தனி மாவட்டம் ஆனது.

அக்கம்பக்கத்திலும் விழுந்திருக்கிறது. 1852இல் நெல்லூர்ப் பக்கம் யாட்டூரில் ஒரு கல் விழுந்தது. 2008 செப்டம்பர் 12ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது. துண்டு துண்டாக விழுந்த அந்தக் கல்லின் மொத்த எடை சுமார் 110 கிலோ. குப்பத்திலிருந்து சூளகிரி ஒன்றும் வெகுதூரம் இல்லை.

நாளைக்கு நம் கொல்லையிலும் ஒன்று விழலாம். அல்லது என்றைக்கோ விழுந்த ஒன்று ஏர் உழும்போது கொழுவில் தட்டலாம். அப்போது நமக்கு இரண்டு கேள்விகள் வரும். இது விண்கல்தானா? விண்கல் என்றால் இப்போது விழுந்ததா, எப்போதோ விழுந்ததா? இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைய பேச்சு. அதைத் தேடும்போது முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டு வயது

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். விண்கல்லுக்கு இரண்டு வயது உண்டு.

ஒன்று, அந்தக் கல் உண்டான வயது. திருப்பதியில் விழுந்தது போன்ற கற்கள் உண்டாகிச் சுமார் 456 கோடி ஆண்டுகள் ஆகின்றன. சூரியனும் பூமியும் உருவான காலம் அது. திருமலையின் பாறைகளைவிட அந்தக் கல் மூத்தது.

இன்னொன்று, அது நம் மண்ணில் கிடந்த காலம். நேற்று விழுந்திருந்தால் ஒரு நாள். தாத்தா காலத்தில் விழுந்திருந்தால் அறுபது, எழுபது ஆண்டு. புதிய கல், பழைய கல் என்று சொல்லும்போது இந்த இரண்டாவது வயதைத்தான் சொல்கிறோம்.

விழுவதைக் கண்ணால் பார்த்து, தேடி எடுத்த கல் ஒரு வகை. யாரும் பார்க்காமல் விழுந்து, பிறகு ஒரு நாள் கண்ணில் பட்ட கல் இன்னொரு வகை. திருப்பதிக் கல்லும் சூளகிரிக் கல்லும் முதல் வகை. கொடைக்கானலில் 1898இல் கிடைத்த இரும்பு விண்கல் இரண்டாம் வகை. அது சுமார் 16 கிலோ. எந்த ஆண்டு விழுந்தது என்று சொல்ல ஆள் கிடையாது. அப்படிப்பட்ட கல்லிடம் கல்லையேதான் சாட்சி கேட்க வேண்டும்.

விழும்போது கல் எப்படி இருக்கும்?

பழசு எது என்று தெரிய வேண்டுமானால், புதுசு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும்.

விண்ணிலிருந்து வரும் கல் ஒரு வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் 70 கிலோமீட்டர். பேருந்தில் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். அந்தக் கல் ஏழு வினாடிக்குள் கடந்துவிடும். அந்த வேகத்தில் அதன் முன்னால் இருக்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது. கல்லின் வெளிப்புறம் உருகி வழிகிறது. இரவில் எரிநட்சத்திரம் என்று நாம் பார்ப்பது இந்த வெளிச்சத்தைத்தான்.

பிறகு காற்றே கல்லின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. உருகுவது நின்றுவிடும். கடைசியாக உருகிய படலம் கல்லின் மேல் ஒரு தோல் போல உறைந்துவிடும். அதன் பிறகு பல கிலோமீட்டர் தூரம் அந்தக் கல் குளிர்ந்த காற்றில் வெளிச்சம் இல்லாமல் சும்மா விழுகிறது. ஆகவே தரைக்கு வரும்போது சாதாரண விண்கல் நெருப்புத் துண்டாக இருக்காது. புல்லைக் கொளுத்தாது. 'விழுந்த கல் ஒரு வாரம் கொதித்துக்கொண்டே இருந்தது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தத் தோல்தான் நமக்கு முதல் அடையாளம். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். முட்டை ஓடு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய கல்லில் அது நல்ல கறுப்பு. அடுப்புக் கரி பிடித்த பானை போல மங்கலான கறுப்பு. கல்லின் மேல் சில இடங்களில் குழி குழியாக இருக்கும். பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுமே, அது போல.

ஒரு முனை உடைந்திருந்தால் உள்ளே பார்க்கலாம். உள்ளே சிமெண்ட் போலச் சாம்பல் நிறம் இருக்கும். அதில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளி போலப் புள்ளிகள் மின்னும். அவை வெள்ளி இல்லை. இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம்.

வெளியே கறுப்புத் தோல், உள்ளே வெளிர்சாம்பல், நடுவே மின்னும் உலோகம். இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் அது புதிய கல் என்பதற்கு நல்ல அடையாளம்.

மண் என்ன செய்கிறது?

விண்வெளியில் தண்ணீர் இல்லை, காற்று இல்லை. அங்கே 456 கோடி ஆண்டு கெடாமல் இருந்த இரும்பு, இங்கே வந்ததும் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். இரவு கழுவித் துடைக்காமல் வைத்த இரும்புத் தோசைக்கல் காலையில் சிவந்திருக்கும். மழையில் விட்ட அரிவாளும் அப்படித்தான். இரும்பு, நீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு.

இதோடு உப்பு சேர்ந்தால் துரு இன்னும் வேகமாகப் பரவும். மண்ணில் உப்பு உண்டு. நம் கை வியர்வையிலும் உண்டு. இதை நினைவில் வையுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

துரு இன்னொரு வேலையும் செய்யும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். பழைய தண்ணீர்த் தொட்டியில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் சிமெண்ட் வெடித்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். விண்கல்லுக்கு உள்ளேயும் அதுவே நடக்கிறது. உள்ளே இருக்கும் உலோகப் புள்ளி துருவாகிப் பருக்கிறது. கல் விரிசல் விடுகிறது. விரிசல் வழியாக இன்னும் நீர் உள்ளே போகிறது. கடைசியில் கல் பொடிந்து மண்ணோடு மண்ணாகிறது.

நம் பக்கத்தில் ஆடி ஆவணியிலும் மழை உண்டு, ஐப்பசி கார்த்திகையிலும் மழை உண்டு. நடுவில் கடும் வெயில். ஆகையால் நம் மண்ணில் விண்கல் வெகுகாலம் தாக்குப்பிடிப்பது கடினம். இந்தியாவில் பதிவான விண்கற்களில் பெரும்பாலானவை விழும்போதே பார்த்து எடுத்தவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சகாரா போன்ற வறண்ட பாலைவனத்திலும், அண்டார்க்டிகா என்னும் தென்துருவப் பனிநிலத்திலும் பல ஆயிரம் ஆண்டு கிடந்த கற்கள்கூடக் கிடைக்கின்றன.

எங்கே பார்க்க வேண்டும்?

இப்போது கையில் ஒரு கல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தோலின் நிறம். புதிதில் கறுப்பு. நாள் ஆக ஆகக் கறுப்பு மங்கும். காப்பிக்கொட்டை நிறம் வரும். பிறகு செங்கல் பழுப்பு. ஆங்காங்கே துருப்புள்ளி தெரியும்.

இரண்டாவது, தோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வது போல, பழைய விண்கல்லில் தோல் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். ஆனால் ஒன்று. விழும்போதே கல் உடைந்திருந்தாலும் உடைந்த பக்கத்தில் தோல் இருக்காது. அதனால் தோல் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்லிவிடக் கூடாது. தோல் இல்லாத பக்கம் சாம்பல் நிறமாக இருக்கிறதா, பழுப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உடைந்த முகம். வெளியே கொஞ்சம் மங்கியிருந்தாலும் உள்ளே சாம்பல் நிறமும் மின்னும் புள்ளியும் இருந்தால், அதிக காலம் கிடக்கவில்லை என்று கொள்ளலாம். புள்ளியைச் சுற்றிக் காவி நிற வளையம் இருந்தால் துரு தொடங்கிவிட்டது. உள்ளே முழுக்கப் பழுப்பாகி, மின்னுவது எதுவுமே இல்லை என்றால் கல் வெகுகாலம் மண்ணைப் பார்த்துவிட்டது.

நான்காவது, விரிசல்களும் அதில் ஒட்டியிருப்பதும். புதிய கல்லில் விரிசல் இருந்தாலும் சுத்தமாக இருக்கும். பழைய கல்லின் விரிசலில் மண் இறுகியிருக்கும். சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு இருக்கலாம். பாசியோ வேரோ பற்றியிருக்கலாம்.

ஐந்தாவது, கிடந்த இடம். கல் பச்சைப் புல்லின் மேல் இருந்ததா? அடியில் இருந்த புல் இன்னும் பச்சையாக இருந்ததா? புதிதாக மண் தெறித்திருந்ததா? அல்லது ஒரு முழம் ஆழத்தில் வேர்களுக்கு நடுவில் இருந்ததா? இதைச் சொல்லக்கூடியவர் கல்லை முதலில் பார்த்தவர்தான். பெரிய விஞ்ஞானியானாலும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இல்லை

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். துரு குறைவு என்றால் எப்போதும் புதுசு என்று ஆகாது. கல்லில் எவ்வளவு இரும்பு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

திருப்பதியில் விழுந்தது 'எச்' வகை. அந்த வகையில் 100 கிராம் கல்லில் 15 முதல் 20 கிராம் வரை உலோகம் இருக்கும். சூளகிரியில் விழுந்தது 'எல்எல்' வகை. அதில் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராமோ அதற்கும் குறைவோதான் உலோகம். இரண்டையும் ஒரே மழையில் போட்டால், எச் வகைக் கல்லே அதிகமாகச் சிவந்து தெரியும். இரண்டு பேர் வெயிலில் நின்றாலும் இருவருக்கும் ஒரே மாதிரியா கறுக்கிறது?

சில அபூர்வ வகைகளில் தோல் கறுப்பாகவே இருக்காது. 2022 ஆகஸ்ட் 17ஆம் நாள் குஜராத்தில் தியோதர் பகுதியில் ஒரு விண்கல் விழுந்தது. ஒரு துண்டு வேப்பமரத்தில் பட்டு உடைந்தது. இன்னொரு துண்டு ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் தரை ஓட்டை உடைத்தது. ஊர் மக்கள்தான் துண்டுகளைப் பொறுக்கி வைத்தார்கள். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம் அதை ஆராய்ந்தது. அது 'ஆப்ரைட்' என்னும் மிக அரிய வகை. இந்தியாவில் அந்த வகை இதற்கு முன் விழுந்தது 1852இல், உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில். ஆப்ரைட் வகையில் இரும்பு மிகக் குறைவு. அதன் தோல் வெளிர் நிறமாகவும் இருக்கலாம். கறுப்பு இல்லையே என்று அந்த ஊர்க்காரர்கள் தூக்கி எறிந்திருந்தால் 170 ஆண்டுக்குப் பிறகு வந்த வாய்ப்பு போயிருக்கும்.

இன்னும் சில கற்கள் களிமண் போல மெதுவானவை. 2017 ஜூன் 6ஆம் நாள் ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கம் முகுந்தபுராவில் விழுந்தது அப்படிப்பட்டது. அதில் கரிமப் பொருள்கள் இருந்தன. அந்த மாதிரிக் கல் சில மழைக்குக்கூடத் தாங்காது. உடனே எடுத்ததால் பிழைத்தது.

விஞ்ஞானிகள் போடும் மதிப்பெண்

நாம் கண்ணால் பார்ப்பதை விஞ்ஞானிகள் நுண்ணோக்கியால் பார்க்கிறார்கள். கல்லில் ஒரு மெல்லிய சீவல் எடுத்து, மெருகேற்றி, உலோகத்தில் எத்தனை பங்கு துருவாகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். 1993இல் ஜெர்மனியைச் சேர்ந்த விலோட்ஸ்கா என்பவர் இதற்கு ஒரு மதிப்பெண் முறை சொன்னார். டபிள்யூ-0 முதல் டபிள்யூ-6 வரை ஏழு படிகள்.

டபிள்யூ-0 என்றால் துரு இல்லை. புத்தம் புதிது.
டபிள்யூ-1 என்றால் உலோகத்தைச் சுற்றி மெல்லிய துரு வளையம்.
டபிள்யூ-2 என்றால் உலோகத்தில் 100க்கு 20 முதல் 60 பங்கு துரு.
டபிள்யூ-3 என்றால் 60 முதல் 95 பங்கு துரு.
டபிள்யூ-4 என்றால் 95 பங்குக்கு மேல் போய்விட்டது.
டபிள்யூ-5 என்றால் உலோகம் தீர்ந்து, கல்லின் மற்றக் கனிமங்களும் கெடத் தொடங்கிவிட்டன.
டபிள்யூ-6 என்றால் அவையும் பெரும்பாலும் களிமண்ணாகவும் துருவாகவும் மாறிவிட்டன.

வறண்ட பாலைவனத்தில் டபிள்யூ-2 என்ற நிலைக்கு வரவே சுமார் 5,000 முதல் 15,000 ஆண்டு ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே போடக் கூடாது. மழை பெய்யும் நாட்டில் துரு முந்திக்கொள்ளும். ஆகவே துருவின் அளவு வேறு, ஆண்டுக் கணக்கு வேறு. துருவைப் பார்த்து 'எவ்வளவு கெட்டிருக்கிறது' என்று சொல்லலாம். 'எத்தனை ஆண்டு' என்று சொல்ல வேறு வழி வேண்டும்.

அந்த வழியும் இருக்கிறது. விண்வெளியில் இருக்கும்போது கதிர்கள் தாக்குவதால் கல்லுக்குள் கார்பன்-14 போன்ற கதிரியக்க அணுக்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். பூமிக்கு வந்ததும் காற்று மண்டலம் கூரை போல மறைத்துவிடும். புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருப்பது மட்டும் குறைந்துகொண்டே போகும். எண்ணெய் ஊற்றுவதை நிறுத்திய விளக்கு மாதிரி. மிச்ச எண்ணெயைப் பார்த்து எவ்வளவு நேரம் எரிந்தது என்று சொல்லலாம் அல்லவா? கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும். இதை அளந்து, கல் விழுந்து எத்தனை ஆயிரம் ஆண்டு ஆயிற்று என்று சொல்கிறார்கள்.

புதிய கல்லுக்கு வேறு அணுக்கள் உதவும். ஸ்காண்டியம்-46 என்பது 84 நாளில் பாதியாகிவிடும். சோடியம்-22 பாதியாக 2.6 ஆண்டு. கல்லில் இவை இருந்தால் அண்மையில் விழுந்தது என்பது உறுதி. ஆனால் பாருங்கள், கல்லை ஒரு வருஷம் பரணில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தால், ஸ்காண்டியம் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. துருவும் ஏறும், சாட்சியும் போகும். ஒவ்வொரு நாளும் கணக்கு.

ஒரே கல், இரண்டு கதி

ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் என்று ஒரு நகரம். 2013 பிப்ரவரி 15ஆம் நாள் அதன் வானத்தில் ஒரு பெரிய விண்கல் வெடித்துச் சிதறியது. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காயம் அடைந்தார்கள். அப்போது அங்கே பனிக்காலம். சிறு துண்டுகள் பனியில் விழுந்து துளை போட்டன. அந்தத் துளைகளைப் பார்த்தே மக்கள் உடனே பொறுக்கி எடுத்தார்கள். அவை கறுத்த தோலோடு புத்தம் புதிதாக இருந்தன. பனி உருகிய பிறகு எடுத்த துண்டுகளில் துரு தெரிந்தது. பெரிய துண்டு ஒன்று ஏரிக்குள் விழுந்தது. அரை டன்னுக்கு மேல் எடை. அதை அக்டோபரில்தான் வெளியே எடுத்தார்கள். எட்டு மாதம் தண்ணீரில் கிடந்த கல் அது.

எல்லாம் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் விழுந்த ஒரே கல்லின் துண்டுகள். எடுத்த நாளும் கிடந்த இடமும் மாறியதால் நிலையும் மாறியது.

ஏமாற வேண்டாம்

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பாகவும் கனமாகவும் இருப்பதெல்லாம் விண்கல் இல்லை. சித்தூர் மாவட்டத்தில் கறுங்கல் பாறை நீளநீளமாக ஓடுகிறது. அதன் துண்டும் கறுப்பு, கனம். இரும்பு உருக்கிய கசடும் கறுப்பு, கனம். கசடில் ரொட்டி போலக் காற்றுக் குமிழ் ஓட்டைகள் இருக்கும். விண்கல்லில் பொதுவாக அப்படி இருக்காது. நம் கறுங்கல்லை உடைத்தால் வெளியேயும் உள்ளேயும் ஒரே கறுப்பு. விண்கல்லுக்குத் தோல் வேறு, உள் வேறு. காந்தம் ஒட்டினால் விண்கல் என்பதும் சரியில்லை. கசடிலும் ஒட்டும், இரும்புத் தாதுவிலும் ஒட்டும்.

'அரிசியை இழுக்கும் கலசம்', 'இரிடியம்', 'இடி விழுந்த சொம்பு', 'வானத்துக் கல்' என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். கோடி ரூபாய் கிடைக்கும் என்பார்கள். சோதனை செய்ய முதலில் நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பார்கள். 'ரைஸ் புல்லிங்' என்னும் இந்த மோசடிக்காகத் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் போலீசார் பலரைக் கைது செய்திருக்கிறார்கள். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. உண்மையான விண்கல் அரிசியை இழுக்காது. அதைச் சோதிக்க உங்களிடம் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். பணம் கேட்டால் அவர் விஞ்ஞானி இல்லை. போலீசிடம் சொல்லுங்கள்.

அவசரமாக முடிவு கட்டவும் கூடாது. 2016 பிப்ரவரி 6ஆம் நாள் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. குழி விழுந்தது. ஒரு பேருந்து ஓட்டுநர் இறந்துபோனார். விண்கல் விழுந்து இறந்தார் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. உலகம் முழுக்கச் செய்தி ஆயிற்று. ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்புப் போலத் தெரிகிறது என்றார்கள். உறுதி செய்யப்பட்ட விண்கற்களின் பட்டியலில் அது சேரவில்லை. ஓர் உயிர் போன இடத்தில் காரணம் சரியாகத் தெரிய வேண்டியது இன்னும் முக்கியம். தவறான காரணம் சொல்லிவிட்டால் சரியான காரணத்தைத் தேட ஆள் இருக்காது.

கிடைத்தால் என்ன செய்வது?

விழுந்ததைப் பார்த்தாலோ, சந்தேகமான கல் கிடைத்தாலோ, இப்படிச் செய்யுங்கள்.

எடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள், அளவு தெரியும். எந்தக் கொல்லை, எந்த மூலை, எத்தனை ஆழம், என்ன தேதி, எத்தனை மணி என்று எழுதுங்கள். நாம் எழுதப் படிக்கக் கற்றது இதற்கும் உதவும். பத்து நாள் கழித்து நினைவு மாறும். எழுத்து மாறாது.

வெறும் கையால் தொடாதீர்கள். கை உப்பு கல்லுக்கு எதிரி என்று சொன்னேன். சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் கனடாவில் டாகிஷ் ஏரியில் ஒரு விண்கல் விழுந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் கையால் தொடாமல் பையில் எடுத்து, பனிக்கட்டி நிலையிலேயே பாதுகாத்துக் கொடுத்தார். அதனால் அது உலகத்திலேயே மிகச் சுத்தமாகக் கிடைத்த விண்கற்களில் ஒன்றாயிற்று.

தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சுத்தியலால் உடைக்காதீர்கள். காந்தத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுக் காந்தப் பதிவு இருக்கலாம். நம் காந்தம் அதை அழித்துவிடும்.

நம் பெரியவர்கள் வானத்திலிருந்து வந்ததைக் கும்பிடுவார்கள். கும்பிடுவதில் குற்றம் இல்லை. ஆனால் பாலும் எண்ணெயும் மஞ்சள் நீரும் பட்டால் கல் கெடும். கல்லைப் பையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் பூ வையுங்கள். கல்லும் பிழைக்கும், மரியாதையும் குறையாது.

பிறகு உலர்ந்த இடத்தில் வைத்து, தாசில்தார் ஆபீசிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. 1851இல் தொடங்கிய துறை. தலைமையகம் கொல்கத்தா. தென்மண்டல அலுவலகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. கல்லைக் கொடுக்கும்போது ஒரு ரசீது கேட்டு வாங்குங்கள். யார் கண்டெடுத்தது, எங்கே, என்றைக்கு என்று அதில் எழுதச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கடைசியாக ஒரு வார்த்தை. 1857இல் மதுரைப் பக்கம் பர்னல்லி என்ற இடத்தில் ஒரு விண்கல் விழுந்தது. 70 கிலோவுக்கு மேல். அதன் பெரும்பகுதி இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1890இல் பழைய சேலம் மாவட்டத்துக் ககங்கரியில் விழுந்த சுமார் 350 கிராம் கல், உலகத்தில் ஒரு தனி வகைக்கே பெயர் கொடுத்தது. இந்தக் கற்களை முதலில் பார்த்தவர்கள் பெரும்பாலும் மாடு மேய்த்தவர்களும் களை எடுத்தவர்களுமாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியவில்லை. எழுதி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நம் கொல்லையை நம்மைவிட அறிந்தவர் யார்? அங்கே நேற்று இல்லாத ஒரு கல் இன்று இருந்தால் நம் கண்ணுக்குத்தான் முதலில் படும். கண்ணில் பட்டதை அன்றைக்கே எழுதி வைப்போம்.

பேசிப் பார்ப்போம்

1. விண்கல்லின் இரண்டு வயதுகள் எவை?
2. ஒரே நாளில் விழுந்த இரண்டு துண்டுகளில் ஒன்று கறுப்பாகவும் ஒன்று பழுப்பாகவும் இருக்க என்ன காரணம்?
3. துரு குறைவாக உள்ள கல் எப்போதும் புதியதுதானா? ஏன்?
4. உங்கள் ஊரில் 'கோடி ரூபாய்க் கல்' என்று யாராவது வந்ததுண்டா? அவரிடம் என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்?
5. உங்கள் கொல்லையில் ஒரு கல் கிடைத்ததாக வைத்துக்கொண்டு, இடம், தேதி, நேரம், நிறம் எல்லாம் குறித்து ஐந்து வரி எழுதுங்கள்.